மொட்டை போடச் சொன்னது நான்தான்

முப்பத்து நான்கு வருஷ நர்ஸ் வேலையில் வாயை மூடத் தெரியாதவள் என்று பேர் வாங்கினவள் நான். வார்டுக்குள் செருப்போடு நுழைகிறவரைப் பார்த்துக் கத்துவேன். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறவரைப் பார்த்துக் கத்துவேன். நேரத்துக்கு வராத டாக்டரைக்கூட ஜாடையாகச் சொல்லிக் காட்டிவிடுவேன். "ஜெபமணி சிஸ்டர் டூட்டின்னா மைக் செட்டு தேவையில்ல" என்று எங்கள் வாட்ச்மேன் சொல்வார். அப்படிப்பட்டவள் ஒரே ஓர் இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அங்கேதான் திறந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் நான் வேலை பார்த்த ராஜபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது புது விதி வந்திருக்கிறதாம். புற்றுநோய்க்கு ஊசி போடுவதற்கு முன்னால், நோயின் பேரைத் தமிழில் எழுதிய தாளில் நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். புருஷனோ மகனோ போட்டால் செல்லாது. அதைப் பற்றிப் புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நான் பேச வேண்டும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பேசினேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சிஸ்டர், வீட்டுக்காரங்க காலைப் பிடிச்சு அழுது 'அவகிட்ட சொல்லிராதீக'ன்னு கேட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவமானமாக இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் மூன்று வருஷம், விடுதிச் சாம்பார், பயந்து பயந்து போட்ட முதல் ஊசி, அவ்வளவுதான். வேலையை உண்மையில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரிய டாக்டர். சர்ஜன். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் உதட்டுக்குள் எண்ணுவார். அஞ்சு வருவதற்குள் அடங்கிவிடும். அவர் எண்ண ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவோம்.

கழுத்தில் கட்டி என்று யார் வந்தாலும் அவர் செய்கிற முறை ஒன்றுதான். ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, தான் பின்னால் போய் நிற்பார். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு விரல் நுனியால் தாடைக்குக் கீழ், காதுக்குப் பின், கழுத்தெலும்புக் குழி, கக்கம் என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் போவார். காய்ச்சல் வருகிறதா, ராத்திரியில் உடுப்பு நனைகிற அளவு வேர்க்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று மூன்று கேள்வி. அதன் பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைப்பார். "டிபி நெறின்னா ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கொத்தா கிடக்கும். இது பாருங்க, தனித்தனியா, ரப்பர் மாதிரி இருக்கு. ஆனா சிஸ்டர், உங்க விரலையும் நம்பாதீங்க, என் விரலையும் நம்பாதீங்க. கட்டிய முழுசா எடுத்து லேபுக்கு அனுப்பணும்" என்பார்.

அந்த முழுசாக எடுத்து அனுப்புகிற வேலையில்தான் எங்கள் ஊர்ப் பக்கம் பல பேர் தப்பினார்கள், பல பேர் தவறினார்கள். கழுத்தில் நெறி கட்டினால் டிபியாகத்தான் இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்துவிடுகிற வழக்கம் இங்கே உண்டு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே நெறியில்தான் லிம்போமாவும் வரும். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கென்று நெறிகள் இருக்கின்றன. அங்கே இருக்கிற வெள்ளை அணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகினால் அது லிம்போமா. அதில் எத்தனையோ வகை. சில வகை மெதுவாகப் போகும், சில வகை வேகமாகப் போகும். சில வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டு முழுசாகக் குணமாகும். எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். அதனால் நெறியை நசுக்காமல் எடுத்து, வாய் அகன்ற பாட்டிலில், கெடாமல் இருக்க, கட்டி போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் மிதக்கவிட்டு, பேரை மூடியில் ஒட்டாமல் பாட்டிலின் உடம்பில் ஒட்டி அனுப்ப வேண்டும். மூடி மாறிப்போனால் ஆளே மாறிப்போகும் அல்லவா? மதுரை லேபுக்கு அந்தப் பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர் நோயாளியின் வீட்டுக்காரர்தான்.

செல்வராணியின் பாட்டிலை அவள் புருஷன் தங்கப்பாண்டி டிபன் பையில் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனான். இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது.

செல்வராணிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மம்சாபுரத்துக்காரி. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். வேறோர் இடத்தில் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் கழுத்துக் கட்டி கரையாமல் எங்களிடம் வந்தாள். தையல் போட்டு நான் துணி வைத்து ஒட்டும்போது, "நான் நெய்ஞ்ச துணியவே எனக்கு ஒட்டுதீகளா சிஸ்டர்? நூலு எம்புட்டு நெருக்கமா இருக்குன்னு பாத்து ஒட்டுங்க" என்று சிரித்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா. நன்றாகக் குணமாகிற வகை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு ஊசி. மதுரையிலிருந்து புற்றுநோய் டாக்டர் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் மருந்தை எழுதிக்கொடுப்பார், நாங்கள் ஏற்றுவோம். கூட்டத்தில் ஆளுக்கு நாலு நிமிஷம்கூட அவரால் ஒதுக்க முடியாது. நோயாளிக்கு விளக்குவது எங்கள் பொறுப்பு. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "செல்வராணிகிட்ட நீங்க பேசுங்க. உங்க வாயால கேட்டா பயப்பட மாட்டா" என்றார்.

நான் அவள் கட்டிலுக்குப் போவதற்கு முன்னால் தங்கப்பாண்டி வராந்தாவில் மறித்தான்.

"சிஸ்டர், ஒங்க காலைத் தொட்டுக் கேக்கேன். அவகிட்ட சொல்லிராதீக. அவ அம்மா கேன்சர்ல போனதை இவ கூட இருந்து பாத்திருக்கா. பேரைக் கேட்டான்னா அன்னைக்கே சோறு தண்ணி எறங்காது. டிபி முத்திருச்சு, பெரிய ஊசி போடணும்னு சொல்லிக்கிடுங்க."

"ஏலே தங்கப்பாண்டி, பன்னெண்டு ஊசி போடணும். எம்புட்டு நாளைக்கு மறைப்ப?"

"ஊசி முடியிற மட்டும் சிஸ்டர். கொணமானப் பொறவு நானே சொல்லிக்கிடுதேன்."

சட்டென்று உட்கார்ந்து காலைத் தொட்டுவிட்டான். ஆம்பிளை அழுவதைப் பார்க்க எனக்கு ஆகாது. சரி என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பாவம் பாதியாக இருந்திருக்கும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடி கொட்டுமாமே? அதுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டான். என் புத்தி உடனே வேலை செய்தது.

"இருக்கன்குடி ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லி, ஊசி ஆரம்பிக்க முன்னாலயே மொட்டை போட்டுரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

நான் வேதக்காரி, இயேசுவைக் கும்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் யோசனை சொன்னேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் பெருமைகூட வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

அவர் மை பேனாவைத் திறந்து, கேஸ் ஷீட்டில் எழுதினார். நோய் விவரம் நோயாளியிடம் கூறப்பட்டது, கூறியவர் சிஸ்டர் ஜெபமணி. யார் சொன்னது என்று எழுதாமல் அவர் எந்த வரியையும் முடிக்க மாட்டார்.

செல்வராணி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு முதல் ஊசிக்கு வந்தாள். நரம்பு பார்ப்பதில் நான் யாரையும் நம்புவதில்லை. புறங்கையில் போட மாட்டேன், முன்கையில் நல்ல நரம்பாகப் பார்த்துப் போடுவேன். ரத்தம் பின்னால் வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். முதலில் வெறும் சலைன், அது தடையில்லாமல் இறங்கினால்தான் சிவப்பு மருந்து. அது நரம்புக்கு வெளியே ஒழுகினால் சதையே வெந்துபோகும். அதனால் அது இறங்கி முடியும் வரை பக்கத்திலேயே நிற்பேன். இன்னொரு மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, கறுப்புத் தாளைச் சுற்றித் தொங்கவிட வேண்டும். "இதுக்கு என்ன சிஸ்டர், கண்ணு பட்டுரும்னு துணி சுத்திருக்கீகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சிவப்பு மருந்து போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "டிபி மாத்திரை தின்னப்பவும் இப்படித்தானே போச்சு" என்று அவளே சொல்லிவிட்டாள். உண்மைதான், டிபி மாத்திரைக்கும் அப்படிப் போகும். என் பொய்க்கு அவள் உடம்பே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாவது ஊசிக்குள் கழுத்துக் கட்டி தடவினாலும் தெரியாத அளவு கரைந்துபோனது. ஐந்தாவது ஊசிக்கு அவள் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். போன் போட்டால் தங்கப்பாண்டி, "வர மாட்டேங்கா சிஸ்டர், நான் சொன்னாக் கேக்கல" என்றான். பஸ் ஏறி மம்சாபுரம் போனேன். செல்வராணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"ஏட்டி, ஏன் ஊசிக்கு வரல?"

"எதுக்கு சிஸ்டர்? இங்கன தொட்டுப் பாருங்க. கட்டி இருக்கா?"

"கட்டி போனாலும் மருந்த முழுசா முடிக்கணும்."

"ஆறு மாசம் மாத்திரை தின்னேன், கரையல. மொட்டை போட்டு ஒன்றரை மாசத்துல கரைஞ்சிருச்சு. ஆத்தா எடுத்துட்டா சிஸ்டர். இதுக்கு மேல ஊசி போட்டா ஆத்தாவை நம்பலன்னு ஆயிரும்லா? வாயெல்லாம் புண்ணு, சோத்து வாடையே ஆக மாட்டேங்கு. நீங்க வேதக்காரவுக, ஒங்களுக்கு இது வெளங்காது." கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

தங்கப்பாண்டி நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நோயின் பேரைச் சொல்வதுகூட அவ்வளவு பயமாக இல்லை. உன் நேர்த்திக்கடன் நான் வராந்தாவில் நின்று ஜோடித்தது என்று எப்படிச் சொல்வது? "யோசிச்சு வாட்டி" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பெரிய டாக்டரிடம், வர மறுக்கிறாள் என்றேன்.

"நோய் என்னன்னு தெரிஞ்சேதான் வர மாட்டேங்கிறாங்களா?"

"ஆமா சார்."

கேஸ் ஷீட்டை மூடி வைத்தார். "தெரிஞ்சு வேண்டாம்னா, அது அவங்க முடிவு. நாம கட்டாயப்படுத்த முடியாது. எப்ப வந்தாலும் சேர்த்துக்குவோம்னு மட்டும் சொல்லிவிடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தால் தானே வண்டி எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போயிருப்பார். அப்படிப் பலபேர் வீட்டுக்குப் போனவர்தான். அவரைப் போகவிடாமல் செய்தது என் "ஆமா சார்".

பத்து மாதம் கழித்துத் தங்கப்பாண்டி அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். கக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி. காய்ச்சல். ஆள் பாதியாகிவிட்டாள். பெரிய டாக்டர் வழக்கம் போலப் பின்னால் நின்று, கையைச் சூடாக்கி, தடவிப் பார்த்தார். முன்னால் வந்து உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "அம்மா, போன தடவை உங்களுக்கு என்ன நோய்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நெறிகட்டு டிபி சார். முத்திருச்சுன்னு சொன்னாக."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, அயிது" என்று உதடு அசைந்தது. ஆறு, ஏழு என்று எண்ணிப் போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். 'கூறப்பட்டது' என்ற அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சிஸ்டர், நீங்களும் ஒரு ஸ்டூல் எடுத்துப்போட்டு அவங்களுக்கு எதிர்ல உட்காருங்க. சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்களே, அதை இப்ப அவங்ககிட்ட சொல்லுங்க."

தங்கப்பாண்டி, "சார், வேணாம் சார்" என்று பதறினான்.

"நீங்க வெளிய நிக்கணும்னா நிக்கலாம். அவங்க இங்க இருக்கணும்."

உட்கார்ந்தேன். செல்வராணி ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செல்வராணி, ஒனக்கு வந்தது டிபி இல்லட்டி. லிம்போமான்னு பேரு. நெறியில வார புத்துநோய். கொணமாகக்கூடிய வகைதான். பன்னெண்டு ஊசி போட வேண்டியது, நாலோட நின்னுட்ட. அதான் திரும்ப வந்திருக்கு."

அவள் அழவில்லை. கையைத் தூக்கித் தலையைத் தடவினாள். முடி கழுத்து வரை வளர்ந்திருந்தது.

"அப்ப மொட்டை?"

"ஊசிக்கு முடி கொட்டும்னு தெரியும். நீ பயந்துருவன்னு... மொட்டை போடச் சொன்னது நான்தான்."

"ஆத்தா எடுக்கலயா?"

ஆண்டவரே, என்று மனசுக்குள் கூப்பிட்டேன். "மருந்துதான் கரைச்சது" என்றேன்.

செல்வராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் பேசினாள். குரல் மெலிந்திருந்தாலும் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது.

"இவருக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். பாட்டில கொண்டு போன பஸ்சுல பக்கத்து சீட்டுல இருந்தவனுக்குக்கூட தெரிஞ்சிருக்கும். என் ஒடம்புல உள்ளது எனக்கு மட்டும் தெரியல. என் தலைய மழிக்கச் சொல்ல வாய் இருந்துச்சுல்லா சிஸ்டர் ஒங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? அன்னைக்கு எங்க வீட்டுல காப்பியக் குடிச்சிட்டுப் போனீகளே, அப்பயாவது சொன்னீகளா?"

எழுந்து போய்விட்டாள். அடுத்த மூன்று நாள் நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பெரிய டாக்டர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் ராஜினாமாத் தாளை நீட்டியபோது மட்டும், "இதை வாங்கிக்கிட்டு நான் என்ன செய்ய? அந்தப் பொண்ணு வந்தா யாரு நரம்பு பார்ப்பா?" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் அவள் தனியாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"ஊசி போட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு. எங்க அம்மா இதுல செத்ததைத்தான் பாத்திருக்கேன். இது திரும்ப வந்தும் பொழச்சவ ஒருத்தியாவது இருந்தா காட்டுங்க. டாக்டரு வேண்டாம், வந்து பொழச்சவ. என் பாசையில பேசணும்."

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. இருந்திருப்பார்கள். எல்லாரும் மறைத்துத்தானே வைத்திருக்கிறோம், எங்கே போய்த் தேடுவது? மதுரை டாக்டர் வந்த அன்று அவர் வண்டி வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். அவர் ஓர் அமைப்பைப் பற்றிச் சொன்னார். பல நாடுகளில் உள்ள லிம்போமா நோயாளிகள் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த உலக அளவிலான கூட்டமைப்பு. நோயாளிகளும் வீட்டாரும் நடத்துவது. எழுதிப் பாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தப்பும் தவறுமாக ஒரு மெயில் எழுதினேன். அனுப்புகிற பட்டனை அழுத்தும்போது, எந்த நாட்டில் எந்தத் தொரைசானி இதைப் படித்துச் சிரிக்கப் போகிறாளோ என்றிருந்தது.

ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது. யாரும் சிரித்திருக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். லிம்போமாவில் எந்த வகை? நோயாளிக்கு அது தெரியுமா? இரண்டாவது கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி நடக்காது, நம் ஊர்க்காரர்கள்தான் மறைக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் முதல் வேலையாக இதைக் கேட்கிறார்கள் என்றால், எல்லா ஊரிலும் ஒரு தங்கப்பாண்டி வராந்தாவில் நிற்கிறான், ஒரு ஜெபமணி தலையாட்டுகிறாள் என்றுதானே அர்த்தம்? 'தெரியும்' என்று எழுதினேன். எழுத முடிந்ததே என்றிருந்தது.

மலேசியாவில் இருக்கும் சரசு என்ற பெண்ணோடு இணைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், தமிழ்க்காரர். ஒருமுறை குணமாகி, திரும்ப வந்து, மறுபடி குணமானவர். ஆஸ்பத்திரியில் என் போனில்தான் வீடியோ கால். செல்வராணி கட்டிலில் சாய்ந்திருந்தாள், நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வணக்கம் மா. சாப்டாச்சா?" என்றார் சரசு.

செல்வராணி வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒங்களுக்குத் திரும்ப வந்து எம்புட்டு வருசம் ஆச்சு?"

"ஒம்பது வருஷம் லா. இப்ப பாருங்க, தினம் பிள்ளைங்களுக்கு மீகூன் நூடுல்ஸ் பெரட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஒங்ககிட்ட மொதல்லயே சொன்னாகளா?"

"டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. ரெண்டு நாள் யாரோடயும் பேசல. பெறகு ஒரு நோட்டு வாங்கி எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சேன். என்ன மருந்து, எத்தனை மணி, எங்க வலி. நீங்களும் எழுதுங்க மா. நம்ம ஒடம்புக்கு நாமதான் கிளார்க்கு."

செல்வராணி கடைசியாகக் கேட்டது, "முடி பழையபடியே வந்துச்சா?"

"சுருட்டையா வந்துச்சு லா! எங்க வீட்டுக்காரரு யாரு இந்தப் புதுப் பொம்பளன்னு கேட்டாரு."

பத்து மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்க்க எட்டியதில் போன் சாய்ந்துவிட்டது. "அசைக்காதீக சிஸ்டர், அவுக மொகம் தெரியல" என்று அதட்டினாள். அவள் அதட்டியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கக்கத்துக் கட்டியையும் எடுத்து லேபுக்கு அனுப்பி, அதே நோய்தான் என்று உறுதி செய்துகொண்டு ஆரம்பித்தார்கள். இந்த முறை வைத்தியம் கடுமை. வீரியமான மருந்து, பிறகு மதுரையில் அவள் ரத்தத்திலிருந்தே, புது ரத்தம் ஊறவைக்கிற ஸ்டெம் செல்லைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்னும் பெரிய மருந்து கொடுத்து, அந்தச் செல்லைத் திரும்ப ஏற்றினார்கள். வாரக்கணக்கில் தனி அறை. பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தில் 'கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்போமா' என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். எந்த நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட வந்தாலும், "பேரு என்ன, எத்தனை மில்லி?" என்று கேட்டு எழுதிவிட்டுத்தான் கையை நீட்டுவாளாம். "நீங்க சொல்லிக்கொடுத்ததா சிஸ்டர்? உயிரை வாங்குறாங்க" என்று அங்கிருந்து ஒரு பிள்ளை எனக்குப் போன் செய்து சலித்துக்கொண்டது. வாங்கட்டும் என்றேன்.

ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்தது. அடுத்த ஸ்கேனிலும் இல்லை.

நான் அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். வராந்தாவில் யார் மறித்தாலும், "உள்ள வாங்க, மூணு பேரும் சேந்து பேசுவோம்" என்பேன். நோயாளியிடம், "ஒனக்கு வந்த நோயைப் பத்தி நீ எம்புட்டு தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிற? யாரு கூட இருக்கும்போது சொல்லட்டும்?" என்று முதலில் கேட்பேன். எனக்கு வேண்டாம், அவரிடமே சொல்லுங்கள் என்று சிலர் சொன்னதும் உண்டு. அது அவர்கள் முடிவு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கேள்வி கேட்ட பிள்ளையே, உனக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.

அந்தக் கூட்டமைப்பின் கையேட்டில் ஒரு பகுதியை நானும் செல்வராணியும் உட்கார்ந்து தமிழாக்கினோம். நான் 'நிணநீர்க்கணு' என்று எழுதினால், "மம்சாபுரத்துல யாருக்கு வெளங்கும்? நெறின்னு எழுதுங்க" என்று அடித்துவிடுவாள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் யாருக்காவது இந்த நோய் வந்து, பிழைத்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றால், இப்போது மலேசியாவுக்குப் போன் போட வேண்டியதில்லை. தறி வேலை முடிந்து செல்வராணியே வருகிறாள். தங்கப்பாண்டிதான் வண்டியில் கொண்டுவந்து விடுவான். என்னை நிமிர்ந்து பார்க்க இன்னும் கூச்சப்படுவான். எனக்கும் அப்படித்தான்.

போன ஆடியில் மதுரை டாக்டர், ஐந்து வருஷம் சுத்தமாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் செல்வராணி போன் போட்டாள்.

"சிஸ்டர், வெள்ளிக்கெழம இருக்கன்குடிக்குப் போறேன். நீங்களும் வாரீக."

"நான் எதுக்குட்டி?"

"அன்னைக்கு அனுப்பிவச்சீகள்லா? இப்ப கூட வாங்க."

போனேன். அவள் முடி இடுப்பு வரை வளர்ந்திருந்தது, சரசு சொன்ன மாதிரியே சுருட்டையாக. மொட்டை போடுகிற இடத்தில் சரியான கூட்டம். வரிசையில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டேன். "இம்புட்டு முடியையும் குடுக்கணுமா? ஆத்தா எடுக்கலன்னு நானே சொன்னேனே."

"மருந்து கரைச்சுச்சு. அந்த மருந்தப் போட்டுக்கிட என்னைத் திரும்ப நடந்து வரவச்சது யாரு? அது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ளது, ஒங்களுக்கு வெளங்காது. மொதல்ல போட்ட மொட்டை நீங்க சொன்னது. இது நான் நேந்துக்கிட்டது."

அவள் முறை வந்தது. பையையும் கண்ணாடியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "என்ன வேண்டுதல்மா?" என்றார்.

செல்வராணி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு லிம்போமா இருந்துச்சு. புத்துநோய். ரெண்டு தடவை வந்துச்சு. இப்ப இல்ல."

அவர் கத்தியில் புது பிளேடை மாட்டினார். "சரி ஆத்தா. தலையக் குனி" என்றார்.